கள்ளநோட்டு விளக்கு

ராயபுரத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்காரர் வீட்டை இடித்தபோது
மூணு நாள் கூலிக்குப் பதிலாக
தேசிங்கு கொண்டுவந்தது இரண்டு கண்ணாடி ஜாடி.
சிமென்ட் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில்.
"விக்டோரியா ராணி காலத்துதாம்" என்றான்.
"அந்தம்மா வந்து அரிசி வாங்கித் தருமா?" என்றேன்.

நிறம், பழுக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற எலுமிச்சை.
வாய், சோமாஸ் ஓரம் மாதிரி
மடித்து மடித்து விட்டது.
கழுத்தைச் சுற்றிக் கண்ணாடியாலேயே ஒரு கொடி,
ஒன்றில் மூன்று இலை, மற்றதில் நான்கு.
அடியில் தடவினால் தொப்புள்.
ஊதி முடித்தபின் கம்பியிலிருந்து முறித்த இடமாம்,
மேஸ்திரி சொன்னது.
வயிற்றுக்குள் கடுகளவு ஒரு குமிழ்.
ஊதிக்கொண்டிருந்த வெள்ளைக்காரன்
நடுவில் தும்மியிருக்க வேண்டும்.

நான்கிலையில் கரண்டி போட்டேன்.
மூன்றிலையில் பல் விளக்குகிற பிரஷ்.

கொருக்குப்பேட்டை கேட்டிலிருந்து நாலாவது வீடு எங்களது.
கூட்ஸ் போனால் தட்டு நடுங்கும்,
குடத்துத் தண்ணீர் நடுங்கும்,
படத்துக்குள் முருகனும் நடுங்குவார்.
ஓர் ஆடி மாதம், முடிவே இல்லாத நிலக்கரி வண்டி.
மூன்றிலை அங்குலம் அங்குலமாக நடந்து
அலமாரி விளிம்புக்கு வந்து
எட்டிப் பார்த்து
இறங்கிவிட்டது.
ஜன்னலில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்த கௌசிக்கு
அப்போது ஐந்து வயசு.
"ஐம்பத்தொண்ணு" என்றாள்.
அதற்கப்புறம் எந்த வண்டியையும் எண்ணவில்லை.

பெருக்கினேன். ஈரத்துணி போட்டேன்.
சப்பாத்தி மாவை உருட்டித் தரையெல்லாம் ஒற்றினேன்.
இருந்தும் மாதம் தவறாமல் யாராவது ஒருவர்
குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.
"ராணி இன்னும் வீட்டைக் காலி பண்ணலடி" என்பான் தேசிங்கு.

ஆறு வருஷம் கழித்து
ஸ்கூல் ஃபீஸுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.
எம்.சி. ரோடு பட்டுக்கடையில் நான்தான் கேஷ்.
கரண்டிகளை டம்ளருக்கு மாற்றிவிட்டு
நான்கிலையைக் கழுவி எடுத்துப்போய்
கல்லாவின் மேல் வைத்தேன்,
சேட் ஹஸ்திமல் பார்க்கட்டும் என்று.
அப்போது கரண்ட் போனது.
யுபிஎஸ்ஸில் மிச்சமிருந்தது
கள்ளநோட்டு பார்க்கிற நீல விளக்கு மட்டும்.

ஜாடி பச்சையாக எரிந்தது.
பச்சை என்றால்,
இருட்டில் பூனை திரும்பிப் பார்க்கிற பச்சை.
மடிப்பு புடவைப் பெண்கள் "ஐயோ" என்றார்கள்,
ஒருத்தி கும்பிட்டாள்.
பில் போடுகிற இர்ஃபான் போனில் தேடிச் சொன்னான்:
"யுரேனியம்க்கா. கல்பாக்கத்துல இருக்குமே, அது.
துளியூண்டு கலந்திருப்பாங்களாம். ஒண்ணும் பண்ணாதாம்."
மணலிக் காற்றில் மூச்சு விடுகிறவர்கள் நாங்கள்,
சிரிப்பு வந்துவிட்டது.

"ஜோடின்னா முப்பதாயிரம். ஒத்தை ஏழு"
என்றார் சேட், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.
ஏழுக்கே கொடுத்தேன்.
கூடவே கேட்டேன்,
"இந்த விளக்கை ஒரு ராத்திரிக்குத் தர்றீங்களா?"

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தோம்.
வயர் எட்டுகிற வரைக்கும் தேசிங்கு விளக்கைத் தூக்கி நடந்தான்.
கௌசி கட்டில் மேல், காலைச் சுருட்டிக்கொண்டு.
அடுப்பு மேடைக்கு அடியில் ஒன்று எரிந்தது.
வாசற்படி விரிசலில் மூன்று.
பாயின் கோரைக்குள், நாங்கள் தலை வைக்கிற பக்கம், ஒன்று.
சுவரோரம் பொரிமாதிரி இறைந்து கிடந்தது கொஞ்சம்.
புருவம் எடுக்கிற இடுக்கியால்
ஒவ்வொன்றாகத் தீப்பெட்டிக்குள் போட்டேன்.
ஒன்று எரியவே இல்லை, விரலில் குத்தியது.
என் பழைய வளையல். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எண்ணிக்கொண்டு வந்தது கௌசி.
ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று என்று.

கேட் மூடும் மணி கேட்டது.
வண்டி வந்தது, வீடு நடுங்கியது,
பச்சையெல்லாம் தரையில் ஒரு நொடி கூடவே ஆடியது.
"அறுபத்தெட்டு" என்றாள்,
கட்டிலிலிருந்து வெறுங்காலோடு இறங்கி.